சுந்தரத்துக்கு, பறிபோன கோப்பையைப் பற்றி

அன்புள்ள சுந்தரம்,

நலம். உன் முழங்காலைப் பற்றிக் கேட்டால் நான்கு பக்கத்துக்குப் பதில் வரும் என்பதால் கேட்கவில்லை. மகள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குடும்பச் செய்தி இவ்வளவுதான்.

எழுதக் காரணம் வேறு. பொங்கலை ஒட்டி நம் பழைய கால்பந்து அணி கூடும்போது, கோப்பையோடு எடுத்த அந்தப் படத்தை மாட்டக்கூடாது என்று நீ அடம்பிடிப்பதாகக் குட்டை ராஜன் தொலைபேசியில் புலம்பித் தீர்த்துவிட்டான். திருப்பிக் கொடுத்த கோப்பையைச் சுவரில் மாட்டுவது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம் என்றாயாமே? கோர்ட்டை விட்டு வந்தும் கோர்ட் உன்னை விடவில்லை. உன்னோடு நேருக்கு நேர் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை என்பதால், இங்கிருந்து மெட்ரோ ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

வாஷிங்டனில் 1867இல் தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகம் கறுப்பினத்தவரின் உயர்கல்விக்கென்றே எழுந்தது. கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து படிப்பது நெடுநாள் வழக்கம். அவர்கள் பெட்டியில் புத்தகத்தோடு கால்பந்தையும் கொண்டுவந்தார்கள். 1961இலேயே சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. பட்டத்தை ஹோவர்ட் வென்றிருக்கிறது. ஆனால் பெரிய கதை 1970இல் லிங்கன் பிலிப்ஸ் பயிற்சியாளராக வந்த பிறகுதான் தொடங்குகிறது. டிரினிடாட் நாட்டு அணியின் கோல்கீப்பர் அவர். உன்னைப் போலவே கோல்கீப்பர். உன்னைப் போல் அல்லாமல் பந்தைப் பிடித்தவர். வந்த முதல் ஆண்டிலேயே அணியை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் போட்டியில் அரையிறுதி வரை கொண்டுபோனார்.

மறு ஆண்டு, 1971 டிசம்பரில், மயாமி நகரத்து ஆரஞ்சு பவுல் அரங்கில் இறுதி ஆட்டம். எதிரே நின்றது செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். அவர்கள் யாரென்று தெரிந்தால்தான் அந்த ஆட்டத்தின் கனம் உனக்குப் புரியும். என்.சி.ஏ.ஏ. கால்பந்துப் போட்டி தொடங்கிய 1959இல் முதல் பட்டமே அவர்களுடையது. 1973க்குள் பத்துப் பட்டங்கள் சேர்த்துவிட்டார்கள், இன்றுவரை அந்த எண்ணிக்கையை யாரும் தொடவில்லை. அவர்களுடைய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அந்த ஊர்த் தேவாலயங்களின் சிறுவர் அணிகளில் ஆடி வளர்ந்த உள்ளூர்ப் பையன்கள். பயிற்சியாளர் ஹாரி கியோவோ 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய அமெரிக்க அணியில் தடுப்பாட்டம் ஆடியவர். பிழைப்புக்குத் தபால் துறை உத்தியோகம். உலகக் கோப்பை கண்டவர் கடிதம் பட்டுவாடா செய்துகொண்டே கல்லூரிப் பையன்களைப் பழக்கிய காலம் அது. அப்படிப்பட்ட அணியை, டிரினிடாட், ஜமைக்கா, கினி என்று பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்த பிலிப்ஸின் பையன்கள் 3-2 என்று தோற்கடித்தார்கள். கறுப்பினக் கல்லூரி ஒன்று என்.சி.ஏ.ஏ.வின் முதல்நிலைப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

அதன் பிறகு என்.சி.ஏ.ஏ.வின் விசாரணை வந்தது. 1973 தொடக்கத்தில் பட்டத்தைப் பறித்தார்கள். அந்த ஆண்டின் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்கும் தடை போட்டார்கள். இதைப் படிக்கும்போதே உன் முகம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் கோப்பையைத் திருப்பிக் கேட்டுக் கால்பந்துச் சங்கத்திலிருந்து வந்த பதிவுத் தபாலை மாஸ்டர் பிரித்துப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் அல்லவா? அன்றைக்குப் படிவங்களை நிரப்பிய அணிச் செயலாளர் யார் என்பதை நாகரிகம் கருதி இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இனி உன் துறைக்கு வருகிறேன், கவனமாகப் படி. ஹோவர்ட் மீது சுமத்தப்பட்டவை எல்லாமே தகுதி விதிகள் தொடர்பானவை. அவற்றில் முக்கியமானது வெளிநாட்டு மாணவர் விதி. பத்தொன்பது வயதுக்குப் பிறகு தன் நாட்டில் முறையான போட்டிகளில் ஆடிய வெளிநாட்டவனுக்கு, அப்படி ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கல்லூரி அணியில் ஆடும் தகுதியில் ஓராண்டு கழிந்துவிடும். அதே வயதில் அதே மாதிரி ஆடிய அமெரிக்கப் பையனுக்கு இந்த விதி பொருந்தாது. இன்னொன்று, 1.600 என்ற மதிப்பெண் விதி: பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் வைத்து, மாணவன் கல்லூரியில் குறைந்தது இவ்வளவு எடுப்பான் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். தீவுகளில் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் தேறி வந்தவனை அந்தச் சூத்திரத்தில் எங்கே அடைப்பது? ஹோவர்டின் பட்டத்தைப் பறித்த அதே மாதத்தில் அந்த 1.600 விதியையே என்.சி.ஏ.ஏ. கைவிட்டது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. விசாரித்தவர் நீதிபதி கெர்ஹார்ட் கெசல். வியட்நாம் போர் பற்றிய ரகசியப் பென்டகன் ஆவணங்களை 'வாஷிங்டன் போஸ்ட்' வெளியிடுவதைத் தடுக்க மறுத்தவர் என்றால் உனக்கு நினைவு வரும். வெளிநாட்டு மாணவர் விதி அயல்நாட்டவர் மீது பாரபட்சம் காட்டுகிறது, அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று அதைத் தள்ளினார். மற்ற விதிகள் செல்லும் என்றார். 1975இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆக, ஒரு விதி அநியாயமானது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது; மற்ற விதிகளின் பேரில் தண்டனை நின்றுவிட்டது; 1971 பட்டம் திரும்பவில்லை. இரு தரப்புக்கும் இப்படிப் பாதிப் பாதி நியாயம் கொடுக்கும் தீர்ப்புகளைத்தான் நீ எப்போதும் சிலாகிப்பாய். நான் சிலாகிக்க மாட்டேன், ஆனால் குறைசொல்லவும் முடியவில்லை. காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமைதான். அந்தக் குறைக்குத் தொண்ணூறு நிமிடம் ஓடியவன் ஏன் தலைகுனிய வேண்டும் என்பதற்குத்தான் தீர்ப்பில் பதில் இல்லை.

மிச்சக் கதையைச் சினிமாக்காரன் எழுதினால் நம்ப மாட்டாய். தடை முடிந்த 1974இல் ஹோவர்ட் பத்தொன்பது ஆட்டம் ஆடிப் பத்தொன்பதையும் வென்றது. இறுதி ஆட்டம் செயின்ட் லூயிஸ் நகரிலேயே, மறுபடியும் அந்த ஊர் அணியோடுதான். 1-1 என்று சமநிலையில் கூடுதல் நேரம் நீண்டு நீண்டு, நான்காவது கூடுதல் நேரத்தில் கென்னத் இலோடிக்வே என்ற நைஜீரியப் பையன் கோல் போட்டான். 2-1. செயின்ட் லூயிஸ் அதன் பிறகு இன்றுவரை பட்டம் வெல்லவே இல்லை. ஹோவர்ட் 1988இல் மீண்டும் இறுதிக்கு வந்து இண்டியானாவிடம் 1-0 என்று தோற்றது. அந்த ஹோவர்ட் அணியின் கோல்கீப்பர் ஷாகா ஹிஸ்லப்தான், 2006 உலகக் கோப்பையில் சுவீடனை ஒரு கோல்கூடப் போடவிடாத டிரினிடாட்காரர்.

1974இல் வென்றதால் கணக்கு நேராகிவிட்டது என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1971இல் ஆடி முடித்துப் படிப்பையும் முடித்துப் போனவனுக்கு, தான் இல்லாத அணி மூன்று ஆண்டு கழித்து வாங்கிய கோப்பையில் என்ன பங்கு? அவன் ஆடிய ஆட்டம் நடந்தது, மூன்று கோல் விழுந்தது. பதிவேட்டில் அடிக்கப்பட்டது பட்டம்தான்.

படத்தின் கீழே இரண்டு வரி எழுதுவோம்: இந்த ஆண்டு வென்றது, இந்த ஆண்டு பறிக்கப்பட்டது. இரண்டாவது வரியை நீயே உன் சட்ட நடையில் எழுதிக்கொள். பொய்ச்சாட்சி என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இதற்குமேலும் மறுத்தால், மதுரை அரையிறுதியில் நீ விட்ட பந்தின் விவரத்தை மூன்றாவது வரியாக ராஜன் எழுதுவான். அவனைத் தடுக்க என்னால் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது, விளையாட்டாகச் சொல்லவில்லை. துரை இந்த முறையும் வரவில்லை என்கிறான். அவனுடைய வயதுச் சான்றிதழ்தானே நம் கோப்பை பறிபோனதற்குக் காரணம் என்று அவனே தன்மேல் போட்டுக்கொண்டு, இத்தனை வருடமாக ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருக்கிறான். படத்தை மாட்டவேண்டாம் என்று நீ சொன்னதும் அவன் காதுக்குப் போயிருக்கிறது. எந்த அர்த்தத்தில் போயிருக்கும் என்று யோசித்துப் பார். ராஜனும் நானும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். நீ கூப்பிட்டால் வருவான். இந்த வாரமே பேசு. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கடையில் இருப்பான்.

அன்புடன்,
கணேசன்