சுற்றுலா இல்லை ஐயா, காடாறு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் விக்ரமாதித்தன் கதையைப் பார்த்ததும் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆசையாகத்தான் வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். ‘மன்னர் ஆண்டுக்கு ஆறு மாதம் காட்டுக்குச் சுற்றுலா செல்வார்’ என்று போட்டிருக்கிறீர்கள்.

காடாறு மாதம் எப்படி வந்தது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிம்மாசனத்தில் ஆயிரம் வருஷம் இருக்க விக்ரமாதித்தனுக்கு வரம், அவன் தம்பி பட்டிக்கோ காளி கொடுத்தது இரண்டாயிரம். ஆறு மாதம் நாட்டை ஆண்டு ஆறு மாதம் காட்டில் திரிந்தால் அந்த ஆயிரமும் இரண்டாயிரமாகும் என்று பட்டி போட்ட கணக்கு அது. அண்ணனைப் பிரிய மனசில்லாத தம்பியின் கணக்கு. அதைப் போய்ச் சுற்றுலா என்றால் மனசு வலிக்காதா?

அதோடு விட்டீர்களா, வேதாளம் ‘ஒரு பழைய மரத்தில்’ தொங்கியதாம். எங்கள் ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டேதான் இந்தக் கதையைச் சொல்லுவாள். முருங்கைக் கிளை சட்டென்று ஒடியும், அதனால் எங்களை ஏறவே விடமாட்டாள். “பிணம் தொங்கினா கிளை ஒடியாதா ஆச்சி?” என்று ஒருநாள் கேட்டேன். “ஒடியாதுல்லா, அதான் வேதாளம்” என்றாள். அன்றைக்கு ராத்திரி நான் கொல்லைப்பக்கம் போகவே இல்லை. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் சம்ஸ்கிருதத்தில் எழுதிய வேதாளக் கதையில் முருங்கை ஏது என்று கேட்பீர்கள். சரி, அதில் சிம்சபா மரம்தான், ராஜா பெயரே திரிவிக்கிரமசேனன். நம் ஊருக்கு வந்தபிறகு அது முருங்கை ஆனது, ‘வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது’ என்று பேச்சிலும் ஏறிவிட்டது. அந்த மரத்தை எடுத்துவிட்டால் நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு எப்படி விளங்கும்?

இதையெல்லாம்விடப் பெரிய குறை, வேதாளம் கேட்கிற கேள்வியையே நீங்கள் வெட்டிவிடுவது. அந்த இடத்தில் கட்டம் கட்டி ‘நீதி: பொறுமை வேண்டும்’. போன வருஷமும் இதைப் பற்றி இரண்டு கார்டு எழுதினேன், பதிலில்லை. ஆரம்பப் பள்ளியில் 28 வருஷம் பாடம் எடுத்தவள் நான். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குக் கேள்வியோடு கதையை நிறுத்திவிடுவேன். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும் என்றும் சொல்லி அனுப்புவேன். திங்கட்கிழமை நான் நாற்காலியில் உட்காருமுன், வகுப்பில் வாயே திறக்காத பையன் கூட மேசைப் பக்கம் வந்து நின்று “டீச்சர், ராஜா மேலதான் தப்பு” என்பான். உங்கள் நீதிக் கட்டத்தைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளை அப்படி ஓடி வரும்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள், சுற்றுலா இல்லை, மரம் முருங்கை என்று. அடுத்த கதையில் கேள்வியை விட்டுவையுங்கள், பதிலை மறுவாரம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தென்காசி