எரியாத ஒரு வீட்டிலிருந்து நன்றி

செல்லூரில் எங்கள் சந்துக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அன்று விடியலில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இந்நேரம் ஆளுக்கொரு கதை கேட்டிருப்பீர்கள். சிலிண்டரே வெடித்துவிட்டதாக வைகைக்குத் தென்கரையில் பேச்சாம். எதுவும் வெடிக்கவில்லை. அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை இரவில் எலி கடித்திருந்தது. கசிந்த காஸ் சமையலறைத் தரையெல்லாம் பரவியிருந்தது. தீ மட்டும் பிடிக்கவில்லை. அது அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டைதான் வருகிறது. சிலர் வேலை செய்ததால் பிடிக்கவில்லை.

முதல் நன்றி எதிர் வீட்டு அக்காவுக்கு. எங்கள் சமையலறைச் சலதாரை தெருப்பக்கம் திறக்கிறது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாமல் தரையோடு படிந்து, பள்ளம் கண்ட பக்கம் நகரும். அப்படித் துளை வழியாக வெளியே வந்தது, மார்கழிக் கோலத்துக்காகக் குனிந்திருந்த அக்காவின் மூக்கில் ஏறியிருக்கிறது. நடந்து போன யாருக்கும் அது தெரியவில்லை. காஸுக்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த யோசனை எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, அவருக்கும் போகிற போக்கில் ஒரு கும்பிடு.

அக்கா செய்ததில் பெரிய காரியம் இனிமேல்தான். அவர் அழைப்பு மணியை அழுத்தவில்லை! மணியோ விளக்கோ, எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் உள்ளே ஒரு சிறு பொறி பறக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் சேர்ந்திருந்தாலே அந்தப் பொறி போதும். கோலமாவுக் கிண்ணத்தால் கதவைத் தட்டி, “பெரியம்மா, விளக்கைப் பொருத்தாதீர்கள்! எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வாருங்கள்!” என்று கத்தியிருக்கிறார். சளிப் பிடித்து மூக்கடைத்திருந்த அம்மா, அப்போது நடையில் இரவெல்லாம் எரியும் சிறு பல்பின் வெளிச்சத்தில், பூஜை மாடத்தின் முன் கையில் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

இதையெல்லாம் எங்கே தெரிந்துகொண்டீர்கள் என்று பிறகு கேட்டேன். ஏப்ரலில் தீயணைப்புத் துறையினர் நடத்திய செயல்விளக்கத்தில் என்றார். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944ஆம் ஆண்டு அதே 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக நடப்பது. வெயிலில் நின்று அன்று பேசிவிட்டுப் போனவர்களே, கூட்டம் குறைவு என்று வருந்தியிருப்பீர்கள். கேட்டவர்களில் ஒருவர் எங்கள் எதிர் வீட்டில் இருந்தார்.

பக்கத்து வீட்டு அண்ணன் உள்ளே புகுந்து ரெகுலேட்டரை மூடினார், கழற்றினார், வால்வுக்கு மூடி போட்டார், கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, 14.2 கிலோ சிலிண்டரைத் தனியாளாக மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார். “ஃபேனைப் போட்டால் காஸ் சீக்கிரம் வெளியேறும்” என்று யோசனை சொன்னவரை அவர் திட்டிய திட்டு சந்து முழுக்கக் கேட்டது. யோசனை சொன்ன ஐயாவுக்கும் நன்றி. நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். இனி யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். மாடிவீட்டுத் தம்பி வெளிச்சுவரில் இருந்த மெயினை அணைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய் நின்றே 1906க்குப் போன் செய்தான். காஸ் கசிவுக்கென்று இரவு பகலாக இயங்கும் எண் அது. தீயே பிடித்துவிட்டால் 101.

டீக்கடை அண்ணனை எப்படி மறப்பது? மார்கழிக் காலையில் கடையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சேதி கேட்ட உடனே பாய்லரை அணைத்து, பீடி பிடித்தவர்களை அணைக்கச் செய்து, சந்துக்குள் ஒரு வண்டியையும் விடாமல் குறுக்கே நின்றார். போன வியாபாரத்தைப் பற்றி இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை.

கடைசியாக, காஸ் மெக்கானிக் தம்பி. சோப்பு நுரை தடவி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தார். கொப்புளம் வந்தால் கசிவு என்று அம்மாவுக்கும் காட்டிக்கொடுத்தார். உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாயை மாட்டினார். எலி அதைக் கடித்துத் துளைப்பது கடினமாம். ஆனாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி குழாயிலேயே அச்சிட்டிருக்கிறது. குழாய்க்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

அவரிடமே கேட்டு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பொங்கல் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சந்தில் எல்லா வீட்டு இணைப்புகளையும் வந்து பார்ப்பார். கூலி எங்கள் வீட்டுப் பொறுப்பு. குழாய் மாற்ற வேண்டியிருந்தால் அதன் விலை மட்டும் உங்களுடையது. விரும்புகிறவர்கள் டீக்கடை அண்ணனிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.