அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில் கொடை, பொங்கல், கோடை லீவு என்று ஏதாவது ஒன்றை ஒட்டி நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு ஊர் மின்னொளி கபடிப் போட்டி நடக்கிறது. நடக்கட்டும், ரொம்ப நல்ல விஷயம். நோட்டீஸில் முதல் பரிசு எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, கோப்பை யார் உபயம், நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு அணி ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு இறங்க எத்தனை நிமிஷம் ஓய்வு என்பது மட்டும் நான் பார்த்த எந்த நோட்டீஸிலும் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 32 அணி, ஒரே களம், நாக் அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 31 ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஆடி ஜெயித்த அணி அடுத்து 17வது ஆட்டத்தில் இறங்கும், நடுவே 15 ஆட்டம் இடைவெளி. அப்புறம் அது 7 ஆகும், 3 ஆகும், இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டம். லாட்டில் கடைசியாக விழுந்த அணியின் கதி இன்னும் மோசம்: 7, 3, 1, பிறகு இடைவெளியே கிடையாது, இரண்டாவது அரையிறுதியை முடித்த கையோடு இறுதி ஆட்டம். அதாவது உடம்பு களைக்கக் களைக்க ஓய்வு குறைந்துகொண்டே போகிறது, அதுவும் இரண்டு அணிக்கும் சமமாக இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் யாருக்கு எந்த எண் வந்தது என்பது கோப்பையையே தீர்மானிக்கலாமா?

போன கோடையில் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விடிகிற நேரம் நெருங்கிவிட்டது, இரண்டாவது அரையிறுதி கடைசி ரைடு வரைக்கும் இழுத்துத்தான் முடிந்தது. அடுத்த நிமிஷமே மைக்கில் "இரண்டு அணியும் உடனே களத்துக்கு வரவும்" என்று கூப்பிடுகிறார்கள். அந்த அணியின் முக்கிய ரைடர், கல்லூரிப் பையன், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிய்க்கப் பார்க்கிறான், கை நடுக்கத்தில் பாக்கெட் வாயில் நிற்கவே இல்லை. கெண்டைக்காலில் கொரக்களி பிடித்து, கூட இருந்தவன் பெருவிரலை மடக்கி அழுத்திக்கொண்டிருந்தான். "அண்ணே, கால் இழுக்குண்ணே" என்கிறான். "ஒரே ஒரு ரைடு மட்டும் போயிட்டு வாடே" என்றார் கேப்டன். போனான். கணுக்காலில் பிடி விழுந்தது, உதறி எழும்ப வலு இல்லை, முழங்கால் திரும்பிவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

அவனையோ கேப்டனையோ நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பையன்களில் பல பேருக்குக் கபடிதான் போலீஸ், ரயில்வே வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகும் வழி. நம்ம பக்கத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது வாங்கியவர். அவரைப் பார்த்து வளர்ந்த ஊர்களில் எந்தப் பையன் "என்னால் முடியாது" என்று சொல்லுவான்? அதனால் ஓய்வு கொடுப்பது கமிட்டியின் பொறுப்பாகத்தான் இருக்க வேண்டும், பையனின் விருப்பத்துக்கு விடக் கூடாது.

மற்ற விளையாட்டுகளில் இதை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். தடகளத்தில் 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு ஒரு சுற்றின் கடைசி ஹீட்டுக்கும் (வீரர்களைக் குழுக்களாகப் பிரித்து ஓட விடும் ஓட்டம்) அடுத்த சுற்றின் முதல் ஹீட்டுக்கும் நடுவே குறைந்தது 45 நிமிஷம், அதற்கு மேல் 1000 மீட்டர் வரை 90 நிமிஷம். பளு தூக்குதலில் அழைத்ததும் தூக்க ஒரு நிமிஷம்தான், ஆனால் ஒரே வீரர் அடுத்தடுத்துத் தூக்க வேண்டி வந்தால் இரண்டு நிமிஷம். வாட்டர் ஸ்கீயிங் என்று ஒன்று, படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் மேல் பலகையில் சறுக்கி, ஆறு மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போவது. ஆண்களுக்கு மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடவை கடக்க 16 விநாடிதான் ஆகும். மறு கோடியில் கயிற்றை இன்னும் குட்டையாக்கி, படகைத் திருப்பி, மறுபடி இழுப்பார்கள். அந்தப் பதினாறு விநாடிக்கே முன்கை மரத்துவிடும், அதனால் அடுத்த இழுப்புக்கு முன் கிடைக்கும் மூச்சு அங்கே பெரிய விஷயம். நம்ம பையனோ ஒரு ரைடுக்கு 30 விநாடி, அதையே திரும்பத் திரும்ப, மண் தரையில், கோடைப் புழுக்கத்தில்.

உடம்பின் கணக்கு இதுதான். முழு வேகத்தில் சில விநாடி பாய்ந்தால் தசையில் உடனே எடுத்துச் செலவழிக்க இருக்கும் சக்தி கரைந்துவிடுகிறது, அது பெரும்பாலும் திரும்பி வர மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஆகும். அது ரைடுக்கும் ரைடுக்கும் நடுவே உள்ள சங்கதி. வியர்வையில் போன தண்ணீரும் உப்பும் அவ்வளவு சீக்கிரம் வராது, குடித்தது உடம்பில் சேரவே நேரம் வேண்டும். பாதிகளை ஏழு நிமிஷம், பத்து நிமிஷம் என்று சுருக்கிவிட்டோமே என்று கமிட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆட்டத்தைக் குறைத்தால் ஆட்டங்கள் நெருங்கி வரும், இடைவெளியும் சேர்ந்துதான் சுருங்கும்.

"விடிஞ்சிரும் சார், ஜெனரேட்டர் வாடகையை யார் குடுப்பா" என்பது அடுத்த பதில். நியாயமான கஷ்டம்தான், நானும் போட்டி நடத்தியிருக்கிறேன். 32க்குப் பதில் 16 அணியைச் சேர்த்தால் 15 ஆட்டத்தோடு முடிந்துவிடும். இல்லை, எல்லா ஊரும் வரணும் என்றால் இரண்டு ராத்திரி வையுங்கள். பொன்னாடை, சிறப்பு விருந்தினர் பேச்சு, வீரர்களோடு கைகுலுக்கல் எல்லாவற்றையும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் வைத்து, உடம்பைச் சூடாக்கி நிற்கிற பையன்களை ஆற விடுகிறார்கள். அதை அப்படியே அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே மாற்றினாலே அரை மணி நேரம் தானாகக் கிடைத்துவிடும். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருந்தால் அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிக்கும் இதே அரை மணி நேரத்தைக் கொடுத்து அதை முதலில் நடத்துங்கள், இறுதி ஆட்டத்தைக் கடைசியில் வையுங்கள்.

மாவட்டக் கபடிக் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த சீசனிலிருந்து, எந்த அணிக்கும் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே குறைந்தது 30 நிமிஷம் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் மட்டும் அந்தப் போட்டிக்கு நடுவர்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.