முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பழைய செய்தித்தாள்களைச் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் சொல்லியிருந்த ஒரு யோசனையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முக்கியச் செய்தி வந்த முதல் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, லேமினேட் செய்து, சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறது கட்டுரை. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். மனிதன் நிலவில் இறங்கிய செய்தி வந்த 1969ஆம் வருட இதழ் ஒன்றை நான் அப்படித்தான் பாழாக்கினேன். உள்பக்கங்களைக் குப்பையில் போட்டேன், முதல் பக்கத்தை பிளாஸ்டிக்குக்குள் வைத்து ஒட்டினேன். இன்று அந்தத் தாள் உள்ளுக்குள்ளேயே பழுப்பேறிக்கொண்டிருக்கிறது, வெளியே எடுக்கவும் வழியில்லை.

பழைய இதழ்களில் பெரிய செய்தி முதல் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைப்பதே தவறு. ஆரம்பகால நான்கு பக்க இதழ் என்பது இரண்டாக மடித்த ஒரே தாள்தான், ஒரு புறம் 1, 4 பக்கங்கள், மறுபுறம் 2, 3. கையால் இயக்கும் அச்சில் வெளிப்புறத்தை முதலில் அடித்துவிடுவார்கள், அதில் விளம்பரம், அவசரமில்லாத விஷயம் எல்லாம் போகும். கடைசியாக வந்து சேரும் செய்தி உள்ளே போகும். ஜார்ஜ் வாஷிங்டன் மறைந்ததைச் சொல்லும் 1800 ஜனவரி 4ஆம் தேதி அல்ஸ்டர் கவுன்டி கெஜட் என்ற அமெரிக்கச் செய்தித்தாளில் அந்தச் செய்தி உள்பக்கத்தில், கறுப்புக் கோடுகளுக்கு நடுவேதான் இருக்கிறது. லண்டன் டைம்ஸ் 1966 மே மாதம் வரை முதல் பக்கத்தை வழக்கமாக விளம்பரங்களுக்கே விட்டிருந்தது. அப்படியிருக்க முதல் பக்கத்தை மட்டும் வெட்டி வைத்தால் கையில் மிஞ்சுவது என்ன?

அந்த அல்ஸ்டர் இதழ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், புதிதாகச் சேர்க்க வருபவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதன் அசல் பிரதிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு, ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே நினைவுப் பொருளாக அதைப் பலமுறை மறுபதிப்பு செய்துவிட்டார்கள். அந்த மறுபதிப்புகளுக்கே இப்போது நூறு வயது தாண்டிவிட்டது, பழுப்பாக, ஓரம் நொறுங்கி, பார்க்க அசல் மாதிரியே இருக்கும். லிங்கன் கொலைச் செய்தி வந்த 1865 ஏப்ரல் 15 நியூயார்க் ஹெரால்டுக்கும் இதே கதைதான். முதல் பக்கத்தில் லிங்கன் படம் இருந்தால் அது மறுபதிப்பு.

அசலா மறுபதிப்பா என்று கண்டுபிடிக்கத் தாளைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தாள் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது, அதனால் 1750ஆம் வருட இதழ் இன்றும் துணி போல மடங்கும், நிறமும் அவ்வளவாக மாறியிருக்காது. மரக்கூழ் வந்த பிறகுதான் அமிலமும், மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருளும் சேர்ந்து தாளை மஞ்சளாக்கி அப்பளமாக நொறுக்குகின்றன. பழுப்பாக இருப்பதுதான் பழையது என்று நம்பி வாங்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டு இதழை வெளிச்சத்தில் பிடித்தால் பெரும்பாலும் சீரான இடைவெளியில் கோடுகள் தெரியும், பின்புறம் விரலால் தடவினால் எழுத்து அழுந்திய மேடு பள்ளம் தட்டுப்படும்.

அப்புறம், பெரிய நாள் இதழ்களைத் தாண்டியும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். பிரிட்டன் வென்ற டிரஃபால்கர் கடற்போரில் அதன் கடற்படைத் தளபதி நெல்சன் இறந்தது 1805 அக்டோபர் 21. செய்தி கப்பலில் லண்டன் வந்து சேர நவம்பர் 6 ஆகிவிட்டது. நடுவில் வந்த லண்டன் இதழ்கள் எல்லாமே அவர் உயிரோடு இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு அச்சானவை. அந்த நாட்களின் சாதாரண இதழ் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நெஞ்சைப் பிசையும். வெற்றிச் செய்தி வந்த இதழ் எனக்கு அப்படி இருந்ததில்லை.

முழு இதழாக வைக்கச் சொல்வதும் இதனால்தான். 1690இல் பாஸ்டனில் ஒரே ஒரு இதழோடு நிறுத்தப்பட்ட பப்ளிக் அக்கரன்சஸ் தன் நான்காம் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தது, படித்தவர் தன் செய்தியையும் எழுதி அடுத்தவருக்கு அனுப்பட்டும் என்று. வெறும் பக்கம்தானே என்று அதை யாராவது கிழித்திருந்தால்? பிரிட்டனில் 1712 முதல் 1855 வரை செய்தித்தாளுக்கு முத்திரை வரி இருந்தது, அந்த முத்திரை தாளின் ஓரத்தில் இருக்கும், சட்டத்துக்குப் பொருந்த ஓரத்தை வெட்டும்போது அதுவும் சேர்ந்து போகிறது.

பாதுகாப்பது பெரிய வித்தை இல்லை. அமிலமில்லாத உறை, மடிக்காமல் படுக்கைவாட்டில் வைப்பது, வெயில் படாத இடம், இவ்வளவுதான். பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் நல்லது. கிழிசலுக்கு ஒட்டும் டேப் போடவே கூடாது, அதன் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும். மாட்டிப் பார்க்க ஆசை என்றால் நல்ல நகல் ஒன்றை எடுத்து அதை மாட்டுங்கள்.

எல்லாம்தான் ஸ்கேன் ஆகிவிட்டதே, தாள் எதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருளில் படமெடுத்தாயிற்று என்று பெரிய நூலகங்களே எத்தனையோ தொகுதிகளைக் கழித்துக்கட்டின. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் புலிட்சரின் நியூயார்க் வேர்ல்டு இதழின் வண்ணப் பக்கங்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. தாள் ஒருமுறை போனால் போனதுதான். 1605இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜோஹான் கரோலஸ் தொடங்கிய ரிலேஷன்தான் உலகின் முதல் செய்தித்தாள் என்கிறார்கள், அதன் முதல் நான்கு வருட இதழ்களில் ஒன்றுகூட இன்று கிடையாது, கிடைப்பது 1609 முதல்தான்.

அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது, லேமினேட் செய்யச் சொன்ன வரியைத் திருத்தி ஒரு சின்னக் குறிப்பு போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே யாராவது கத்தரிக்கோலை எடுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்