துணைச் சிகிச்சையைத் துணையாகவே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வுக்கான இணையவழிச் சிகிச்சை குறித்தும், உடற்பயிற்சி, தியானம், மூலிகை முதலிய துணை முறைகள் குறித்தும் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனச்சோர்வைச் சோம்பல் என்றோ மனவுறுதிக் குறைவு என்றோ பேசாமல், நோயாக மதித்து எழுதியிருந்ததால் முதல் முறை நன்றியோடு படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது கவலை வந்தது. 'மருத்துவரிடம் போகாமலே', 'மருந்துக்குப் பதிலாக' என்ற சொற்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. என் தங்கை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மனச்சோர்வுக்கு ஆளானாள். இணையவழிச் சிகிச்சையும் துணை முறைகளும் அவளுக்கு உதவின. அவை இரண்டுமே அவளை ஒருமுறை இடறவும் வைத்தன. அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

இணையவழிச் சிகிச்சை என்ற ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் வழங்கப்படுகின்றன என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரோ மனநல மருத்துவரோ காணொளி, தொலைபேசி, எழுத்துச் செய்தி வழியாக நோயாளியோடு தொடர்ந்து பேசி நடத்துவது ஒன்று. நோயாளி தானே திறந்து, தானே படித்து, தானே பயிற்சி செய்துகொள்ளும் செயலி அல்லது பாடத் தொகுப்பு மற்றொன்று. இரண்டுக்கும் பெரும்பாலும் அடிப்படை ஒன்றே. 1960-களில் ஆரன் பெக் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் வகுத்தளித்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாகச் சிபிடி. 'நான் எதற்கும் உதவாதவள்' என்பது போலத் தானாக எழும் எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழக்குவதும், கைவிட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்து மறுபடி தொடங்க வைப்பதும் அதன் சாரம். பாடம் பாடமாகப் பிரித்துச் சொல்ல முடிந்த முறை என்பதால் அது இணையத்துக்கு எளிதில் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001-ஆம் ஆண்டிலேயே 'மூட்ஜிம்' என்ற பாடத் தொகுப்பை இணையத்தில் கொண்டுவந்துவிட்டது.

என் தங்கை தானே செய்துகொள்ளும் வகையில்தான் தொடங்கினாள். முதல் வாரம் ஆர்வத்தோடு செய்தாள், இரண்டாம் வாரம் கடமைக்குச் செய்தாள், மூன்றாம் வாரம் நிறுத்திவிட்டாள். செயலி நாள்தோறும் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பல் துலக்கவே எழுந்திருக்க முடியாத ஒருத்தியிடம் 'இன்றைய பாடம் காத்திருக்கிறது' என்றால், அது அவளுடைய குற்றவுணர்வைத்தான் கூட்டும். இதை அவளுடைய பலவீனம் என்று நான் அப்போது நினைத்தேன்; நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 691 மனச்சோர்வு நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மூட்ஜிம் உள்ளிட்ட இரண்டு பாடத் தொகுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும்போது அவற்றால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எல்லாப் பாடங்களையும் முடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. செயலிகளை விற்பவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

ஆனால் அதே பாடங்களுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தால் நிலைமை மாறுகிறது. 39 ஆய்வுகளில் பங்கேற்ற 9,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2021-இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு, லேசான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆள் துணை இருப்பதும் இல்லாததும் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை என்றும், நடுத்தரமாகவும் அதற்கு மேலும் நோய் உள்ளவர்களுக்கு ஆள் துணையோடு கூடிய சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது என்றும் காட்டியது. என் தங்கை இரண்டாவதாகச் சேர்ந்த திட்டத்தில் அந்தத் துணை ஒன்றும் பிரமாதமானதாக இருக்கவில்லை. வாரம் ஒரு பாடம்; அவள் எழுதி அனுப்பிய பயிற்சிக்கு ஆலோசகரிடமிருந்து பத்து வரிப் பதில்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காணொளியில் அரை மணி நேரப் பேச்சு. ஒரு வாரம் அவள் எதுவும் அனுப்பவில்லை. மறுநாள் அந்த ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து, "பயிற்சியை விடுங்கள், இன்று சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். அவள் அந்த வாரம் முழுவதும் யாரோடும் பேசியிருக்கவில்லை. குணம் அந்த அழைப்பிலிருந்துதான் தொடங்கியது என்று அவள் சொல்கிறாள்.

இணைய வழியில் மட்டும் வைத்துச் சிகிச்சை அளிக்கக்கூடாத நிலைகளும் உண்டு. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள், உணவையும் நீரையும் மறுக்குமளவுக்கு ஒடுங்கிப்போனவர்கள் ஆகியோரை நேரில் ஒருவர் பார்த்தாக வேண்டும். மனச்சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறை, எழுச்சிக் காலத்தைப் பற்றி யாரும் கேட்காத வரை வெறும் மனச்சோர்வு என்றே தவறாகக் கணித்துவிட முடியும். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே களைப்பையும் ஆர்வமின்மையையும் தரக்கூடியவை. அவற்றை இரத்தப் பரிசோதனைதான் காட்டும், திரை காட்டாது. பெரும்பாலான இணையத் திட்டங்கள் முதலில் தரும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 வினாத்தாள், கடந்த 2 வார நிலையைக் கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் தருகிறது. அது ஓர் அளவுகோல்தான். நோயை அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. அதற்கு 'ஆம்' என்று பதிலளிப்பவரை அன்றே ஒரு மனிதர் தொடர்புகொள்ள ஏற்பாடு இல்லாத திட்டத்தில் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தரங்கத்தைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். பின்லாந்தில் ஓர் உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவேடுகள் திருடப்பட்டு, 2020-இல் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல்கள் போயின; சிகிச்சை அறையில் சொன்னவை வெளியே வந்துவிடும் என்ற அச்சத்தில் பல்லாயிரம் பேர் தவித்தார்கள். 2023-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், நோயாளிகளின் தகவல்களை விளம்பர நோக்கில் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக ஒரு பெரிய இணைய ஆலோசனை நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் செலுத்த வைத்தது.

இனித் துணை முறைகள். இவற்றை ஏளனம் செய்பவள் அல்ல நான். உடற்பயிற்சிக்கு இருக்கும் சான்று வலுவானது: 2024-இல் வெளியான, 218 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு, நடை, மெல்லோட்டம், யோகா, தசை வலுப்பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைப்பதைக் காட்டியது. தியானத்தைப் பொறுத்தவரை, சிபிடியோடு இணைத்து 8 வாரம் கற்பிக்கப்படும் முறை, குணமானவர்களுக்கு நோய் திரும்பாமல் காப்பதற்காகவே முதலில் உருவாக்கப்பட்டது. மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்களோடு, அந்தத் தியானப் பயிற்சி பெற்று மருத்துவ மேற்பார்வையில் மருந்தைக் குறைத்துக்கொண்டவர்களை 2 ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவினருக்குத்தான் நோய் திரும்பியது. 'மேற்பார்வையில்' என்ற சொல்லைக் கட்டுரையாளர் எங்கும் பயன்படுத்தவில்லை. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் ஒளி விளக்கின் முன் அமரும் ஒளிச் சிகிச்சை, குளிர்காலத்தில் வரும் பருவகால மனச்சோர்வுக்குப் பயன்படுவது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களை அது எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடவும் கூடும்.

நான் அதிகம் கவலைப்படுவது மூலிகையைப் பற்றித்தான். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியின் சாற்றைக் கட்டுரை 'பக்கவிளைவில்லாத இயற்கை மருந்து' என்று எழுதியிருக்கிறது. அதற்குச் செயல்திறன் உண்டு. லேசான, நடுத்தர மனச்சோர்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலானது என்று 2008-இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை ஆராயும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு சொன்னது. செயல்திறன் உள்ள பொருள் என்பதால்தான் அதற்கு விளைவுகளும் உண்டு. கல்லீரலின் நொதிகளைத் தூண்டி மற்ற மருந்துகளை உடல் வேகமாக வெளியேற்றும்படி அது செய்கிறது. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், எச்ஐவி மருந்துகள் சில ஆகியவற்றின் பலன் இதனால் குறைந்துவிடும். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருள் உடலில் அளவு மீறி, நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

என் தங்கைக்கு நடந்தது இதன் தொடக்கநிலை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தெரிந்தவர் ஒருவர் அன்போடு வாங்கித் தந்த அந்த மூலிகை மாத்திரையையும் விழுங்கி வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு ஓரிரவு கைநடுக்கத்தோடும் வியர்வையோடும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே கேட்டபோதுதான் விவரம் வெளிவந்தது. மூலிகையை நிறுத்தியதும் தெளிந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மருத்துவர் மருந்தைப் பற்றித்தான் கேட்டார், ஆலோசகர் எண்ணங்களைப் பற்றித்தான் கேட்டார், இது இயற்கையானது என்பதால் யாருடைய கணக்கிலும் வராது என்று நினைத்தேன் என்றாள். மருத்துவர் ஓர் ஊரில், ஆலோசகர் ஒரு திரையில், யோகா ஆசிரியர் இன்னொரு திரையில் இருக்கும்போது, ஒருவர் உட்கொள்வதும் செய்வதுமான முழுப் பட்டியல் யாரோ ஒருவர் கையிலாவது இருந்தாக வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பட்டியலை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் அதை மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் அனுப்புகிறோம்.

தங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். கட்டுரையைப் படித்துவிட்டு, உட்கொண்டிருக்கும் மருந்தை யாரேனும் இந்நேரம் நிறுத்தியிருக்கக்கூடும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும், எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம். அதை நோய் முற்றியதாக எண்ணி அவர்கள் மேலும் கலங்குவார்கள். நலமடைந்த பிறகும் குறைந்தது 6 மாதம் மருந்தைத் தொடரும்படியும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கும்படியும்தான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். இந்த எச்சரிக்கையையும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளோடு சேர்த்து உட்கொள்ளக் கூடாது என்பதையும், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அடுத்த இதழில் வெளியிடக் கோருகிறேன். இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லாவிட்டாலும் அந்த இரண்டு வரிகளுக்கு இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி