உதவாமல் இருந்தவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள எல்லோருக்கும்,

சைக்கிளில் பிரான்சின் பிரெஸ்ட் நகருக்குப் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. பதினாறு நாள் ஹேண்டில்பாரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டே வந்ததற்கு நரம்பு கொடுத்த கூலி. சுரிதார் பொத்தானைக்கூட வேறு யாராவதுதான் போட்டுவிட வேண்டியிருக்கிறது. மடல் தாமதமானதற்கு விரல்தான் காரணம்.

நன்றி சொல்ல உட்கார்ந்தால் ஒரு சிக்கல். டிரான்ஸ்கான்டினென்டல் சைக்கிள் பந்தயத்தில் முக்கியமான விதியே வெளியாள் உதவி கூடாது என்பதுதான். 2013-இல் இதைத் தொடங்கிய மைக் ஹால் அப்படித்தான் வைத்தார். பல்கேரியாவின் பர்காஸில் 2019 ஜூலை 27 காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பிரான்சின் மேற்கு முனையில் இருக்கும் பிரெஸ்ட் வரை சுமார் 4,000 கிலோமீட்டர். நடுவில் நான்கு இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். மற்றபடி பெரும்பாலும் வழி நம் இஷ்டம். கடையில் காசு கொடுத்து வாங்கலாம், லாட்ஜில் படுக்கலாம். அது யாருக்கும் கிடைக்கும். தெரிந்தவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் தப்பு. தூங்கினாலும் கடிகாரம் ஓடும். இதில் உதவியவர்கள் என்று யாரைச் சொல்வது?

முதலில் நாமக்கல் சைக்கிள் கடை அண்ணன். நாலு மாதமாக ஒரு வேலையும் செய்து தரவில்லை. சக்கரக் கம்பி மாற்றுவது, சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, செயின் கோப்பது எல்லாவற்றையும் என்னையே செய்ய வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தார். "நான் செஞ்சு குடுத்தா அங்க எவன்மா வருவான்?" செர்பியாவில் பெஸ்னா கோபிலா மலையிலிருந்து கரடுமுரடான பாதையில் இறங்கும்போது ராத்திரி பின் சக்கரத்தில் ஒரு கம்பி போனது. நல்லவேளை, கேசட் என்கிற பல்சக்கர அடுக்கு இல்லாத பக்கம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நாற்பது நிமிடத்தில் மாற்றிவிட்டேன். கோட்டம் முழுதாகப் போகவில்லை அண்ணா, பிரேக்கில் உரசாத அளவுக்குத்தான் வந்தது.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் என் முன்னால் ஏறி, பின்னால் ஒட்டிக்கொள்ள விடாமல் விரட்டிய தோழிகளே, முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிவதும் அங்கே குற்றம்தான். பழக்கிவிட்டதற்கு நன்றி.

அத்தை பையனை ஐந்து வாரம் பார்த்துக்கொண்டார். தெருவில் கேட்டவர்களிடம், மருமகள் ஆபீஸ் வேலையாக வெளிநாடு போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாராம். ஆகஸ்ட் 6 காலை முதல் ஆளாகப் பிரெஸ்டைத் தொட்டவர் ஃபியோனா கோல்பிங்கர். ஜெர்மனிக்காரர், 24 வயது, புற்றுநோய் ஆராய்ச்சி செய்பவர். 10 நாள் 2 மணி 48 நிமிடம். ஆண், பெண் என்று பிரிக்காத இந்தப் பந்தயத்தை ஒரு பெண் வென்றது அதுதான் முதல்முறை. நான் அப்போது ஆல்ப்ஸை முழுதாகத் தாண்டவில்லை. அன்று போனில் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "ஜெயிச்சது பொம்பளப் புள்ளையாமே?" அன்று சாயங்காலமே தெருவுக்கு உண்மை தெரிந்துவிட்டது.

தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் கருவி புண்ணியத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் இணைய வரைபடத்தில் ஒரு புள்ளி. குரோஷியாவில் என் புள்ளி தப்பான ரோட்டில் 11 கிலோமீட்டர் போனதை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அது உதவி. நகத்தைக் கடித்தே தீர்த்தேன் என்றான் அப்புறம். திரும்பி வந்ததையும் சேர்த்தால் 22 கிலோமீட்டர். அந்த மௌனத்துக்கு என்ன கைம்மாறு செய்ய?

செர்பியாவில் பிளம்ஸ் பழம் நீட்டிய பாட்டியிடம் காசு கொடுத்துப் பார்த்தேன், முறைத்தார். மூன்று பழம் தின்றேன். நடுவர்கள் மன்னிக்கட்டும். பிரான்சில் தண்ணீர் தந்ததெல்லாம் செத்துப்போனவர்கள். சின்ன ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழாய் இருக்கும். அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

கடைசியாக, இத்தாலியின் போல்சானோவில் இருக்கும் என் காலேஜ் தோழி. பாசோ கார்தேனா மலைக் கணவாயில் மூன்றாவது முத்திரை வாங்கி இறங்கிய அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் தட்டிய கடையெல்லாம் பூட்டு. பையில் அரைப் பாக்கெட் பிஸ்கெட். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் வழி. புள்ளியைப் பார்த்து மூலையில் வந்து நின்றிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை; வேண்டுமென்றே வெறுங்கையோடு வந்திருக்கிறாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அழுதிருப்பேன். கை தட்டினாள், பேரைச் சொல்லிக் கத்தினாள், அவ்வளவுதான். அவள் மேல் ரசம் தாளித்த வாசனை வந்ததாக நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

அடி, அடுத்த மே மாதம் ரயிலில் வருகிறேன். சோறு வடித்து வை.

அன்புடன்,
உங்கள் புள்ளி