உலர்திராட்சை ஊறப்போடுவது ஆன்மிகமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் கிறிஸ்துமசுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தீபாவளிக்குத் தனி மலரே போட்ட ஏட்டில் எங்களுக்கு அரைப் பக்கமாவது கிடைத்ததே என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தில் கிறிஸ்தவர்கள் வீட்டை அலங்கரித்து, கேக் செய்து, பரிசுகள் வாங்கி ‘ஆன்மிக ரீதியில்’ தயாராகிறார்களாம். பக்கத்திலேயே ஒரு பேரங்காடியின் கிறிஸ்துமஸ் மரம், வண்ணப் படமாக.

கேக்கின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. இதை எழுதும் இந்நேரம் ஆயர் ஈத்தாமில் என் சமையலறையில் உலர்திராட்சை ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைக்க எனக்குத் தோன்றியதில்லை.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. இந்த நாள்களில் குருவானவர் மனந்திரும்புதலின் நிறமான ஊதா உடை அணிகிறார்; ஞாயிறு பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை; ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம். மறைக்கல்வி வகுப்பில் எந்தச் சிறுவனைக் கேட்டிருந்தாலும் உங்கள் நிருபருக்கு இதைச் சொல்லியிருப்பான். ‘முழுதாக நான்கு வாரம்’ என்று எழுதியதும் பிழை. 2023இல் டிசம்பர் 24 ஞாயிறாக வந்தது. காலையில் நான்காவது மெழுகுவர்த்தியை ஏற்றினோம், இரவில் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனோம். அந்த ஆண்டு நான்காவது வாரம் ஒரு பகலோடு முடிந்துபோயிற்று.

இக்காலத்து வாசகங்களில் திருமுழுக்கு யோவான் வருகிறார். ஒட்டக மயிராடை உடுத்தி, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டவர். அவர் கேக் உண்டதாக நற்செய்தியில் நான் படித்ததில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் அவரைக் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிப்பவனிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். லூக்கா எழுதியிருக்கிறார், நிருபர் பார்த்துக்கொள்ளலாம்.

என் தந்தை கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். படிப்பு கிடையாது. மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வரும் சாமியார், டிசம்பரில் மட்டும் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்பதற்காக இன்னொரு முறையும் வருவார். ஓர் ஆண்டு அப்பா அவரிடம் போய் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து வந்தார். முகம் சரியில்லை. எங்கள் தாய்மாமாவோடு ஒரு ஆட்டுக்குட்டிக்காக இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முதலில் மைத்துனனோடு பேசிவிட்டு வா என்று சாமியார் திருப்பி அனுப்பிவிட்டாராம். அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமா இருந்த தோட்டத்துக்குப் போனார். இரவு வெகுநேரம் கழித்து லயத்து வாசலில் இரண்டு சைக்கிள் மணி கேட்டது. அம்மா அடுப்பை மறுபடியும் மூட்டினார். ஆட்டுக்குட்டி பற்றி அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அவ்வருடம் எங்களுக்குப் புதுத்துணிகூட எடுக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

குடிலில் குழந்தை இயேசுவை அம்மா 24ஆம் தேதி இரவுவரை வைக்கமாட்டார். வெறும் தீவனத் தொட்டிதான் இருக்கும். ஒரு நல்ல காரியம் செய்தால் அதில் ஒரு லாலான் புல் போடலாம். என் தம்பி திருட்டுத்தனமாகக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு உதை வாங்கியது வேறு கதை.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் கோயிலிலேயே திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் ஓட்டலில் கிறிஸ்துமஸ் விருந்து. டிக்கெட் எண்பது ரிங்கிட். அதே வாரத்தில் தமிழில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரே ஒரு மாலை, ஒரு மணி நேரம். விருந்து மண்டபம் நிறைந்துவிட்டது. பாவசங்கீர்த்தன வரிசையில் என்னையும் சேர்த்து ஏழு பேர். இதைப் பங்குப் பேரவையில் சொன்னேன். “ஆன்ட்டி, காலம் மாறிவிட்டது” என்றார்கள்.

டிசம்பர் 25 அன்றுதான் கிறிஸ்துமஸ் காலமே தொடங்குகிறது, ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீள்கிறது. உங்கள் ஏட்டிலோ 26ஆம் தேதியே சீனப் புத்தாண்டுச் சிவப்பு விளக்குகள் தொங்கத் தொடங்கிவிடும். அதையும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் முதல் பக்கத்தில் ‘இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்’ என்று பூப்போட்டு அச்சிட்டீர்களே, அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அது இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் நாள். தீபகற்ப மலேசியாவில் அன்று பொது விடுமுறைகூடக் கிடையாது. தாதியாக வேலை பார்த்த காலமெல்லாம் கெஞ்சி விடுப்பு வாங்கித்தான் சிலுவைப்பாதைக்குப் போனவள் நான். சாவு வீட்டுக்கு வாழ்த்து அனுப்புவார்களா? அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

இம்முறை பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மலரில் இரண்டு வரித் திருத்தம் போதும். அந்த மரத்தின் படத்துக்குப் பதிலாக நான்கு மெழுகுவர்த்தி வைத்த பசுந்தழை வளையத்தின் படம் ஒன்றைப் போட்டால் மகிழ்வேன். இடமில்லை என்றால் அதையும் விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு புனித வெள்ளியன்று எனக்கு வாழ்த்துச் சொல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு